லாமர் சொன்ன ஆமாம்

2011 மார்ச் 2, புதன்

பனி இளகி முற்றமெல்லாம் சேறு. நேற்று கன்று போட்ட பசு இன்னும் எழுந்து நிற்கவில்லை.

மத்தியானம் விளைநிலங்களைக் காக்கும் அறக்கட்டளையிலிருந்து ஜோனா வந்தாள், பத்திரத்தின் நகலோடு. கையெழுத்துப் போட்டால் நிலம் எங்களுடையதாகவே இருக்கும். அதில் வீடோ கடையோ கட்டும் உரிமை மட்டும் போய்விடும், அதற்கு ஈடாக அறக்கட்டளை பணம் தரும். எங்களுக்கு மட்டுமல்ல, பின்னால் யார் வாங்கினாலும் அப்படித்தான். இதற்குத் தம்பி லாமரைச் சம்மதிக்க வைக்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது. நிலம் இருவர் பேரிலும் இருக்கிறது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லாமரின் மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், அவன் பெண்கள் வர்ஜீனியாவில். நாங்கள் கண்ணை மூடினால் அவர்கள் விற்றுவிடுவார்கள். குறை சொல்ல முடியாது. மாடு என்றாலே அவர்களுக்கு மூக்கைப் பொத்தத் தோன்றும்.

கடைசியில் ஜோனா கேட்டாள்: "இந்த நிலத்துல வேற யாருக்காவது பாத்தியதை உண்டா? குடுக்கறதா யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா? சும்மா வழக்கமா கேக்கறதுதான்."

இல்லை என்றேன்.

"ஒண்ணு இருக்கு" என்றான் லாமர்.

இரண்டு வருடத்துக்கு முன், பால் விலை படுத்துக் கிடந்தபோது, தீயணைப்பு நிலையத்துக்குப் பணம் திரட்டும் ஏலத்தில் கோழிச் சூப் குடித்துக்கொண்டே சொன்னானாம். ரோட்டோரக் கீழ்வயலை எனக்கு விலைக்குக் கொடுப்பாயா என்று டுவைட் சென்செனிக் கேட்டிருக்கிறான். அவனுக்கு வீடு கட்டி விற்பதுதான் தொழில். இவன் ஆமாம் என்று கையையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

"எழுத்துல இருக்கா?"

"இல்ல."

"சாட்சி?"

"இல்ல."

"அப்ப சட்டப்படி அது ஒண்ணுமே இல்லீங்க."

"நான் சட்டத்துகிட்ட சொல்லலம்மா. டுவைட்கிட்ட சொன்னேன்."

ஜோனா என்னைப் பார்த்தாள். நான் சேற்றைப் பார்த்தேன். கீழ்வயல்தான் இருப்பதிலேயே நல்ல மண். அது இல்லாமல் மீதி நிலத்தை அறக்கட்டளை எடுத்துக்கொள்ளாது.

மார்ச் 3

"ஏண்டா முன்னாடியே சொல்லல?"

"நீ கேக்கல."

ஐம்பத்தெட்டு வயது!

மார்ச் 9

டுவைட்டைப் பார்க்கப் போனேன். லாமரோடு ஒரே பெஞ்சில் படித்தவன், கல்யாணத்துக்குப் பிறகு, சொன்ன சொல்லே பத்திரம் என்றிருக்கும் எங்கள் திருச்சபையை விட்டுப் போனவன். வெளியே போய்விட்டான், அவனுக்கு இந்த ஆமாம் எல்லாம் எங்கே நினைவிருக்கப்போகிறது என்று நம்பிக்கொண்டு போனேன்.

நன்றாகவே நினைவிருக்கிறது. ரோடு, சாக்கடை, வீடுகள் எல்லாம் போட்டு வரைபடம் சுவரில் தொங்குகிறது.

"மத்தவங்ககிட்டன்னா அன்னிக்கே எழுதி வாங்கியிருப்பேன் அக்கா. லாமர் சொன்னான்னுதான் சும்மா இருக்கேன்."

லாமரை அந்தச் சொல்லிலிருந்து விடுவித்துவிடு என்று கேட்டேன்.

"விட்டுடறேன். ஆனா அவனே வந்து கேக்கட்டும். நீங்க கேட்டு நான் விட்டா, அவன் சொல்லுக்கு என்ன மதிப்பு?"

சபையை விட்டுப் போனவன் பேச்சா இது?

மார்ச் 10

லாமர் போகமாட்டானாம். "போய்க் கேக்கறதும் சொன்னதை முழுங்கறதும் ஒண்ணுதான் அக்கா."

"பாதி நிலம் என்னுது. நான் டுவைட்டுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன். அப்ப மட்டும் உன் சொல்லு நிக்குமா?"

"அது நீ போடாதது. அதனால நான் சொன்னது சொல்லாததா ஆயிடாது."

இவனோடு பேசுவதைவிட அந்தப் பசுவோடு பேசலாம். அது எழுந்துவிட்டது.

மார்ச் 22

பேச்சுவார்த்தை இல்லை. பால் கறக்கிறோம், சாப்பிடுகிறோம். ஜோனா போனில் கேட்டாள். இந்த வருடம் நிலங்களைச் சேர்க்கும் பட்டியல் மே மாதத்தோடு மூடிவிடுமாம். அடுத்த வருடம் பணம் வருமா என்று அவளுக்கே தெரியவில்லை.

ஏப்ரல் 10, ஞாயிறு

சபையார் கூடி அப்பமும் ரசமும் பகிரும் இராப்போஜனத்துக்கு முந்தின ஞாயிறு. வழக்கம்போல பிஷப் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டே வந்தார்: தேவனோடும் மனிதரோடும் சமாதானமாக இருக்கிறாயா? இருந்தால்தான் இராப்போஜனத்தில் சேரலாம். ஆண்கள் பக்கம் முதலில். லாமர் எழுந்து, "சமாதானமாக இருக்கிறேன்" என்றான்.

என் முறை வந்தது. நாங்கள் எதற்கும் சத்தியம் செய்கிறவர்கள் இல்லை, கோர்ட்டில்கூட. வாயால் சொன்னால் சொன்னதுதான். அப்படி இருக்க எப்படிப் பொய் சொல்வது?

"இல்லை. தம்பியோடு சமாதானமாக இல்லை."

யாரோ இருமினார்கள். பிஷப் தலையசைத்து அடுத்தவளிடம் போய்விட்டார். இப்படி யாரும் சொல்லி இங்கே நான் கேட்டதில்லை.

உள்ளதைத்தான் சொன்னேன். ஆனால் அவன் நிற்கும் இடத்தில், அவன் சொன்ன பிறகு சொன்னேன். அவன் சொன்னது பொய் என்று நாற்பது குடும்பம் காதால் கேட்டது. இது தெரியாமலா எழுந்து நின்றேன்? தெரியாது என்று எழுத வரவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் ஒன்றே ஒன்று சொன்னான்: "நான் சமாதானமாத்தான் இருந்தேன் அக்கா. நீ சொல்ற வரைக்கும்."

ஏப்ரல் 14

வியாழக்கிழமை அதுவுமாக ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். எங்கே என்று நான் கேட்கவில்லை. பால் கறக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்தான்.

"கேட்டேன். சொல்லைத் திருப்பிக் குடுத்துட்டான்."

அவ்வளவுதான். பன்றிக்கறியும் புளிக்கவைத்த முட்டைக்கோசும் வைத்திருந்தேன், அவனுக்குப் பிடிக்கும் என்று. தொடவில்லை.

சாயங்காலம் டுவைட் போனில் கூப்பிட்டான். "உள்ள வான்னு எவ்வளவோ சொன்னேன் அக்கா. வாசல்லயே நின்னுட்டான், தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு. அன்னிக்கு நீங்க வந்தப்பவே விட்டுத் தொலைச்சிருக்கலாம்."

சுவரில் இருந்த வரைபடத்தை என்ன செய்தாய் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஏப்ரல் 17

இராப்போஜனம். சமாதானம் என்று பிஷப்பிடம் தனியாகச் சொல்லிவிட்டேன். ஜெயித்துவிட்டேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை.

ஜூன் 6

மூன்று வயலிலும் சோளம் முளைத்துவிட்டது. அறக்கட்டளை சம்மதித்துவிட்டது.

செப்டம்பர் 8

பத்திரம் பதிவாயிற்று. "சத்தியமாகச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள்" என்றார் குமாஸ்தா. நாங்கள் சத்தியம் செய்வதில்லை, உறுதியாகச் சொல்கிறேன் என்றுதான் சொல்வோம் என்றேன். சொன்னேன். லாமர் கையெழுத்தை மட்டும் போட்டான். நீங்களும் சொல்ல வேண்டும் என்றார் அவர். எனக்கே கேட்காத குரலில் என்னவோ சொன்னான்.

இனி எங்கள் கீழ்வயலில் எவனும் வீடு கட்ட முடியாது. உலகம் உள்ளவரை. இதை இரண்டு முறை எழுதிப் பார்த்தேன்.

அக்டோபர் 3

தீவனக் கடைக்காரர் வந்து, போன மாதம் போலவே அனுப்பட்டுமா என்றார். லாமர் அக்காவைக் கேளுங்கள் என்றான். வேலையாக இருக்கிறான் என்று நினைத்தேன்.

அக்டோபர் 19

காலையில் பக்கத்துப் பண்ணை மெர்வின் வந்தான். வைக்கோல் கட்டும் மெஷின் பழுதாகிவிட்டதாம், வெள்ளிக்கிழமைக்கு எங்களுடையதைத் தருவாயா என்று லாமரைக் கேட்டான்.

"அக்காகிட்ட கேளு."

மெர்வின் சிரித்தான். "உன் மெஷினுக்கு அக்கா எதுக்குப்பா? ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்லேன்."

"அவ சொன்னா சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு லாமர் கொட்டகைக்குள் போய்விட்டான். கிண்டலும் இல்லை, கோபமும் இல்லை. நேரம் கேட்டால் சொல்வது போலச் சொன்னான்.

தருகிறோம், வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள் என்றேன். மெர்வின் சரி என்றான். ஆனால் போகவில்லை. மழை, சோளம் என்று என்னவோ பேசிக்கொண்டு கொட்டகை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். லாமர் வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்றுதான் நிற்கிறான் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.