பால் டப்பா நாற்காலியும் மரத்தூள் நாற்காலியும்

அன்புள்ள மாரிட்டுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், அப்பா செவ்வாய்க்கிழமையே முழுக்கக் காய்ந்துவிட்டார், காதில் மட்டும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் இருப்பதாகச் சொல்கிறார், ஆனால் நான் ஏதாவது வேலை சொல்லும்போதுதான் அந்தத் தண்ணீர் வருகிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெர்த்தில் குளிர் தாங்கவில்லை என்று போனில் சொன்னாயே, நீ சொன்ன அந்தக் குளிரில் உன் அப்பா சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புல் வெட்டுவார், மின்னசோட்டாவில் பிறந்தவள் என்று வெளியே சொல்லிக்கொள்ளாதே. இதை ஏன் போனில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால், ஆர்லீன் அத்தை உனக்கு ஒரு வீடியோ அனுப்பியிருப்பாள். அதில் நான் படகில் நின்றுகொண்டு பக்கத்து வீட்டு டெல்பர்ட்டைத் துடுப்பால் அடிப்பது போலத் தெரியும். அது அடி இல்லை, பிடித்துக்கொள்ளச் சொல்லி நீட்டியது. முதல் தடவை மட்டும் குறி தவறித் தலையில் பட்டுவிட்டது. முழுக் கதையும் தெரியாமல் பார்த்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பாய், அதனால்தான் ஆதியிலிருந்து சொல்கிறேன்.

ஏரியைப் பார்த்தபடி பின்பக்கத் தளத்தில் கிடந்த நம் பழைய தேவதாரு நாற்காலிகள் உனக்கு நினைவிருக்கும். போன செப்டம்பரில் அப்பாவின் தங்கைதானே என்று ஆர்லீன் உரிமையோடு வந்து அதில் ஒன்றில் தொப்பென்று உட்கார்ந்தாள், பலகை உளுத்துப்போய் இருந்தது, அப்படியே உள்ளே போய்விட்டாள், கைகால் நாலும் வானத்தைப் பார்த்து நிற்க, மடியில் இருந்த, அடுப்பிலிருந்து சுடச்சுட எடுத்த உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் கறி மட்டும் சிந்தாமல் தட்டில் இருந்தது. முதலில் என்னைத் தூக்குங்க, தட்டை அப்புறம் வாங்கலாம்னு அவள் கத்த, உன் அப்பா தட்டைத்தான் முதலில் வாங்கினார். சரி, இனி மரமே வேண்டாம், வருஷா வருஷம் சாயம் பூச என்னால் ஆகாது என்று அன்றைக்கே முடிவு செய்தோம். அதோடு எங்கள் ஒற்றுமை முடிந்தது.

அப்பாவுக்கு மறுசுழற்சிப் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஆசை. பால் டப்பா, ஷாம்பு டப்பா எல்லாவற்றையும் கழுவி உருக்கிப் பலகையாக வார்த்து அதில் செய்கிறார்கள், மரமே இல்லாததால் உளுக்க ஒன்றுமில்லை. பதினைந்து வருஷமாகப் பால் டப்பாக்களைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோய்ப் போடுகிறவர் இல்லையா, இதுல நம்ம வீட்டு டப்பா ஒண்ணாவது இருக்கும் வெர்னா, தொட்டாலே தெரியுதுன்னு கடையிலேயே தடவிக்கொண்டு நின்றார். எனக்குப் பிடித்தது காம்போசிட், அதாவது மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் கலந்து அழுத்திச் செய்தது, பார்க்க அசல் மரம் மாதிரியே ரேகையோடு இருக்கும், விறைப்பாகவும் இருக்கும். ரெண்டுமே பிளாஸ்டிக்தான், உன்னுதுல தூசி கலந்திருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்னு அவர் சொன்னார். உங்களுதுல ரசனை கலக்கலைன்னு நான் சொன்னேன். கடைசியில் ஆளுக்கு ஒன்று வாங்கி ஒரு வருஷம் வெளியே போட்டுப் பார்ப்பது, எது நிற்கிறதோ அதையே மொத்தமாக வாங்குவது என்று பேசி, விதிமுறைகளை எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினோம். நான் வாங்கியது அடக்கமான பழுப்பு. உன் அப்பா வாங்கியது வேட்டைக்காரர்கள் போட்டுக்கொள்ளும் அந்தக் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு. நவம்பரில் யாரும் மான் என்று நினைத்துச் சுட்டுவிடக் கூடாதாம். நாற்காலியை யார் சுடப்போகிறார்கள் என்று கேட்டேன், உட்கார்ந்திருக்கறது நான்டி என்றார்.

பனிக்காலம் முழுக்க இரண்டும் கழுத்தளவு பனியில் கிடந்தன. முன்பே என் நாற்காலி லேசாக ஆடுகிறது என்று அப்பா அன்பாக ஒரு காலின் அடியை ரம்பத்தால் அரைவிரல் அறுத்துச் சமன் செய்து கொடுத்திருந்தார், எனக்கும் அது அன்பாகத்தான் தெரிந்தது. பனி உருகிய பிறகு பார்த்தால் அறுத்த முனை தண்ணீரைக் குடித்து உப்பி, ஓரத்தில் கரும்புள்ளியாகப் பூஞ்சை. அறுத்த இடத்தில் பூச்சுப் பூச வேண்டும் என்று கூட வந்த காகிதத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தது, அந்தக் காகிதத்தை அப்பா தன் மீன்பிடிப் பெட்டியில் ஒளித்து வைத்திருந்தார் என்பதை ஜூனில்தான் கண்டுபிடித்தேன். நானும் சும்மா இருக்கவில்லை, உன்னிடம் மறைப்பானேன். பிளாஸ்டிக் பலகை வெயிலில் இளகும், பாரம் ஏற்றினால் வளையும் என்று படித்தேன், ஜூலையில் அவர் டவுனுக்குப் போகிற நாளாகப் பார்த்துப் பறவைத் தீனி மூட்டை இரண்டைத் தூக்கி அவர் நாற்காலியில் வைத்துவிடுவேன். நாலாவது தடவையில் பலகை நன்றாகவே குழிந்துவிட்டது. அவர் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு, பாத்தியா வெர்னா, என் அளவுக்கு அதுவே பழகிக்கிச்சுன்னு பூரித்துப்போனார். கறைப் போட்டியில் பீட்ரூட் சாறும் கடுகுச் சாந்தும் ஊற்றினோம். அவருடையதில் ஒரு துடைப்பில் போனது, என்னுடையதில் எவ்வளவு தேய்த்தும் ஒரு இளஞ்சிவப்புத் தீவு நின்றுவிட்டது. அணில் இரண்டையுமே கடித்தது. அவருடையதில் மேலும் உள்ளும் ஒரே நிறம், கடித்ததே தெரியவில்லை, என்னுடையதில் தோல் உரிந்து வெளிர் நிறம் தெரிந்தது. ஆனால் அழகில் நான்தான் ஜெயித்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் மரமா என்று என்னுடையதைத் தடவிக் கேட்டார்கள், அவருடையதைப் பார்த்து ரோடு வேலை எப்போது முடியும் என்று கேட்டார்கள்.

இது இவ்வளவு தூரம் சண்டையானதற்குக் காரணம் நாற்காலி இல்லை என்று உனக்குப் புரிந்திருக்கும். மார்ச்சில் அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு எடுத்து அந்த ஸ்டென்ட் குழாய் வைத்த பிறகு எனக்குத் தூக்கமே போய்விட்டது. ஆஸ்பத்திரி எண்பது மைலுக்கு அந்தப் பக்கம், ரோட்டில் பனி விழுந்தால் ஆம்புலன்ஸ் எப்போது வருமோ. டுலூத்தில் ஆஸ்பத்திரிக்கு எதிர்த்த மாதிரி ஒரு அபார்ட்மென்ட் பார்த்து வைத்தேன். அவர் ஒரே வார்த்தையில் மாட்டேன் என்றார். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி ஐம்பது வருஷம் உழைக்கும் என்று கடைக்காரன் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, ஐம்பது வருஷ நாற்காலிய வாங்கினவன் பாதியில வீட்ட விப்பானா என்றார். எழுபத்து நாலு வயசுக்கு ஐம்பது வருஷ நாற்காலி எதுக்குங்க என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். அவர் எழுந்துபோய் அடித்தளத்து அறையில் பால் டப்பா கழுவினார், கழுவின டப்பாவையே மறுபடி கழுவினார். அதன் பிறகுதான் பந்தயத்தை மாற்றினோம். அவர் நாற்காலி ஜெயித்தால் ஏரி வீடு, என்னுடையது ஜெயித்தால் டுலூத்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் கடைசிப் போட்டி, வெயிலில் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்து எது தொடையைச் சுடுகிறது என்று பார்ப்பது. நடுவர் ஆர்லீன், அதனால்தான் வீடியோ. படகுத்துறை நுனியில் இரண்டையும் கொண்டுபோய்ப் போட்டோம். துறையின் ஒரு கால் ஆடுகிறது, நாளைக்குப் பார்க்கிறேன் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாரே, அந்த நாளை அன்றைக்கு வந்தது. அவர் என் நாற்காலியில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத் தன்னுடையதுக்கு மாறினார், டெல்பர்ட் தன் தட்டைப்படகில் போவதைப் பார்த்ததும், பார்றா டெல்பர்ட்டு, சுடவே இல்லன்னு எழுந்து நின்று கையை ஆட்டினார். துறை சாய்ந்தது. முதலில் என் நாற்காலி, பிறகு உன் அப்பா, அவர் தலைக்கு மேல் ஆரஞ்சு நாற்காலி என்று வரிசையாக விழுந்தன. மாரிட், வாழ்நாள் முழுக்க ஏரிக்கரையில் இருந்தும் நாய் நீச்சலுக்கு மேல் தெரியாத மனிதர், நெஞ்சில் குழாய் வேறு. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

என் நாற்காலி கல் மாதிரி நேரே அடிக்குப் போய்விட்டது. அவருடையது மிதந்தது, முதுகுப்பக்கம் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிய மிதந்தது. அவர் அதைப் பிடித்துக்கொண்டு தத்தளித்தார், பிறகு திடீரென்று அசையாமல் நின்றுவிட்டார், தோளளவு தண்ணீரில், ஏதோ பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி. டெல்பர்ட் படகைத் திருப்பிக்கொண்டு வந்து, யோவ் ரூடி, அங்க ஆறடி ஆழம்யா, எப்படிய்யா நிக்கிறன்னு கேட்டான். உன் அப்பா மூச்சு வாங்கிக்கொண்டே, வெர்னா மேல நிக்கறேன்யா, வெர்னா மேல நிக்கறேன் என்றார். வெர்னாவுடைய நாற்காலி என்று முழுசாகச் சொல்ல மூச்சில்லை. டெல்பர்ட் முகம் வெளுத்துவிட்டது. வெர்னாஆஆ என்று அலறிக்கொண்டு தொப்பி, பூட்ஸ், காது மிஷின் எல்லாவற்றோடும் தண்ணீரில் குதித்துவிட்டான். நான் கரையில் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு நின்று, நான் இங்க இருக்கேன்டா தடியான்னு கத்துகிறேன், காது மிஷின் நனைந்துவிட்டது, எங்கே கேட்கும். உள்ளே முழுகி என்னைக் காப்பாற்றுகிறேன் என்று உன் அப்பா காலுக்குக் கீழே இருந்த நாற்காலியைப் பிடித்து இழுத்தான். அதுவரை நன்றாக நின்றுகொண்டிருந்தவர் இப்போதுதான் உண்மையிலேயே முழுகினார்.

நான் நம் சின்னத் துடுப்புப் படகு, அந்தக் கனூவைத் தள்ளிக்கொண்டு போனேன். எப்படி ஏறினேன், எப்படித் துடுப்புப் போட்டேன் என்று கேட்காதே, தெரியாது. அப்பா ஒரு கையில் ஆரஞ்சு நாற்காலியைப் பிடித்திருந்தார், இன்னொரு கையைக் கனூவில் போட்டார், விடுங்க அந்த நாற்காலியன்னு சொன்னால் விடவில்லை. டெல்பர்ட் மேலே வந்து, கிடைக்கல ரூடி, அவ போயிட்டாய்யா, நல்ல பொம்பளைய்யா, ருபார்ப் தண்டு வச்சு அந்தப் பை பலகாரம் சுட யாருக்கு அப்படி வரும்னு அழுதுகொண்டே திரும்பினான், பக்கத்தில் நான் துடுப்போடு இருப்பதைப் பார்த்ததும் மறுபடி முழுகிவிட்டான். அப்போதுதான் துடுப்பை நீட்டியது, நீ வீடியோவில் பார்த்தது. ஆர்லீன் கரையிலிருந்து, எல்லாரும் இந்தப் பக்கம் கொஞ்சம் திரும்புங்க என்றாள்.

மூன்று போர்வைக்குள் அப்பாவைச் சுற்றி அடுப்புக்கு முன்னால் உட்கார வைத்தேன். காட்டரிசி சூப்பை ஊதி ஊதிக் குடித்தவர், வெர்னா, நான் உன் நாற்காலி மேலதான் நின்னேன், அது இல்லன்னா போயிருப்பேன், நீ ஜெயிச்சிட்ட, டுலூத்துக்குப் போன் பண்ணு என்றார். ஐந்து மாசமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. அவர் அதைச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை, ஜன்னல் வழியாக ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார், போர்வைக்குள்ளே அவர் அப்படி இளைத்துத் தெரிந்தார். எனக்கு ஒரு நிமிஷம் தாங்கவில்லை மாரிட். அதெல்லாம் முடியாது, நான் உங்க நாற்காலில தீனி மூட்டை வச்சு வளைச்சேன், நான் தோத்துட்டேன்னு சொல்லிவிட்டேன். அவர் பெரிதாக முழித்தார். பிறகு, நான் மட்டும் என்ன, வேணும்னேதான் உன் காலை அறுத்தேன் என்றார். நாற்காலிக் காலைத்தான். நான்தான் அதிகம் ஏமாற்றினேன், இல்லை நான்தான் என்று அரைமணி நேரம் சண்டை போட்டோம், கல்யாணமான நாளிலிருந்து இப்படித் தோற்பதற்காகச் சண்டை போட்டதே இல்லை.

கடைசியில் பேசி முடித்தது இதுதான். பனி விழும் மூன்று மாசம் டுலூத்தில் வாடகைக்கு இருப்போம், மற்ற மாசமெல்லாம் இங்கே. அப்பா வாரா வாரம் ஆஸ்பத்திரியில் இதயப் பயிற்சிக்குப் போவார், படகுத்துறையில் கால் வைத்தாலே மிதவைச் சட்டை போடுவார். இன்று காலை அதைப் போட்டுக்கொண்டுதான் துறையின் காலைச் சரிசெய்தார். நாற்காலி விஷயத்தில் உனக்கும் ஒன்று சொல்கிறேன், நீ வாங்குவதாக இருந்தால் கேட்டுக்கொள். மழையிலும் வெயிலிலும் கிடக்குமென்றால் முழுப் பிளாஸ்டிக்கே வாங்கு, ஆனால் நீளப் பலகைக்கு நடுவில் தாங்கல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்து வாங்கு. கூரைக்குக் கீழே, மரம் மாதிரி அழகாக வேண்டுமென்றால் காம்போசிட், எங்கேயும் அறுக்காதே, மாப்பிள்ளையிடம் ரம்பத்தைக் கொடுக்காதே. உங்கள் ஊர் வெயிலுக்குக் கறுப்பு நிறம் எதிலும் வேண்டாம், உட்கார்ந்தால் வெந்துவிடும். டெல்பர்ட்டுக்குப் புதுக் காது மிஷின் வரும்வரை தினமும் ஒரு ருபார்ப் பை அனுப்புகிறேன், மிஷின் வந்துவிட்டதாக ஆர்லீன் சொல்கிறாள், அவன் சொல்ல மாட்டேன் என்கிறான்.

அப்பா கடைக்குப் போகத் தயாராகிறார், தபாலில் போடச் சொல்லிக் கொடுக்க வேண்டும். உன்னிடம் மட்டும் ஒன்று, அவர் காதில் போட்டுவிடாதே. இந்தக் கடிதத்தை முழுக்க அந்த ஆரஞ்சு நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதினேன். குழிந்த இடம் இடுப்புக்கு எவ்வளவு இதம் என்று என்னால் சொல்ல முடியாது.

குழந்தைக்கு ஆயிரம் முத்தம். மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல், காலுக்குக் கீழே தரையோடு நீடூழி வாழ வேண்டும். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மறந்துவிடாதே, அடுத்த கோடையில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாய், நான் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா வெர்னா

(உறையின் பின்பக்கத்தில், அப்பாவின் கோணல் எழுத்தில்)

மாரிட், உள்ளே என்ன எழுதியிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது, ஒட்டித்தான் கொடுத்தாள். ஆனால் எழுதி முடிக்கும்வரை என் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள், சமையலறை ஜன்னலிலிருந்து ஒரு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் பார்த்ததைச் சொல்லிவிடாதே, எழுந்துவிடுவாள்.