சித்தரிக்கப்பட்ட காட்சி

9 மார்ச் 2014, ஞாயிறு

கூட்டேரிப்பட்டுக்கு முன்னால், நெடுஞ்சாலையை ஒட்டி, இன்னொரு மனைப்பிரிவு. நுழைவு வளைவு, மஞ்சள் பூசிய எல்லைக் கற்கள், எட்டு சிமெண்ட் தெருக்கள். ஒரு வீடுகூட இல்லை. நண்பன் தேவா அங்கேதான் ஸ்கேட்போர்டு ஓட்டுகிறான். ஓட்டுவதற்கு முன் தெருவை விளக்குமாற்றால் கூட்டுவான். ஒரு சின்னக் கல் போதும், சக்கரம் நின்றுவிடும், ஆள் பறப்பான்.

வானூரில் கொத்து வேலை செய்கிறவன். ஐந்து வருடங்களுக்கு முன், ஆரோவில் பக்கம் வெள்ளைக்காரர்கள் சிலர் ஸ்கேட்டிங்குக்குப் பள்ளம் கட்டியபோது சிமெண்ட் பூசப் போனான். பூசி முடித்து, இதில் என்னதான் செய்கிறார்கள் என்று பார்க்க உட்கார்ந்தான். அப்படியே ஒட்டிக்கொண்டது. அவர்களில் ஊருக்குத் திரும்பிய ஒருவர் விட்டுப்போன போர்டுதான் இவனுடையது.

இன்று ஒரு செய்தி சொன்னான். வானூர் அருகே ஒரு தனியார் பள்ளியில், ஜூன் முதல் பிள்ளைகளுக்கு ஸ்கேட்டிங் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"பத்தாவது பெயிலு நானு. என்னையப் போயி சாருன்னு கூப்புடப் போறாங்க, அரி."

இதையே மூன்று முறை சொன்னான்.

14 மார்ச்

பழைய நோட்டில், பல்கலைக்கழக நூலகத்தில் எழுதிவைத்த குறிப்பு. கலிபோர்னியாவில் ஒரு வறட்சி. வீடுகளின் நீச்சல் குளங்கள் வற்றின. பையன்கள் சுவரேறிக் குதித்து அந்தக் குளங்களில் ஸ்கேட் செய்தார்கள். முதலில் போலீஸ் வந்தது. பிறகு கேமரா வந்தது.

அங்கே தண்ணீர் போன குளம். இங்கே ஆள் வராத தெரு.

வேறு எதையும் எழுதத் தோன்றவில்லை.

25 மார்ச்

சக்கரபாணி சார் சென்னையிலிருந்து பேசினார். ஒரு டிவி சேனலில் குற்ற நிகழ்ச்சியின் தயாரிப்பாளர். இந்த மாவட்டத்தில் நடக்கும் வழக்குகளை அவருக்குக் காட்சிகளாக எழுதித் தருவது என் வேலை. எம்.ஃபில். முடித்து இரண்டு வருடம் சும்மா இருந்தபின் கிடைத்த வேலை.

திண்டிவனத்தில் நடந்த செயின் பறிப்பு. பைக்கில் வந்து அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"பைக்குலயேதான் எல்லாரும் அறுக்குறான். பாத்துப் பாத்து சலிச்சுப்போச்சுய்யா. புதுசா ஏதாச்சும் யோசி."

யோசித்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "ஸ்கேட்போர்டுல வந்தா எப்படி சார்? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தன் இருக்கான்."

அவர் சிரித்த சிரிப்பில் எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதிவைக்க வேண்டும்.

1 ஏப்ரல்

படப்பிடிப்பு முடிந்தது. அதே மனைப்பிரிவு. போர்டில் வந்து அறுப்பவன் தேவா. பறிகொடுப்பவராக நடிக்க, பேருந்து நிலையத்தில் பூ விற்கும் முனியம்மாளை அழைத்து வந்திருந்தேன். கழுத்தில் கவரிங் செயின். ஏழு முறை எடுத்தார்கள். நாலாவது முறைக்கு அவர் நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டார்.

"மெதுவா வா தம்பி. செயினுதான் கவரிங்கு. கழுத்து என்னுது."

"நீ நவுராத ஆயா. நவுந்தாதான் பேஜாரு."

தேவாவுக்கு ஒரே சந்தோஷம். இத்தனை வருடத்தில் அவன் ஓட்டுவதை யாரும் படமெடுத்ததில்லை. "போர்டு யாரு ஐடியா?" என்று கேட்டான். "என்னுது" என்றேன். தோளில் தட்டினான்.

முகத்தை மறைத்துவிடுவோம் என்று சக்கரபாணி சார் சொல்லியிருக்கிறார்.

12 ஏப்ரல், சனி

ஒளிபரப்பானது. முகத்தை மறைக்கவில்லை.

'சித்தரிக்கப்பட்ட காட்சி' என்று மூலையில் எழுத்து. இரண்டு நொடி. எறும்பு அளவு. மேலே, பெரிதாக, 'உண்மைச் சம்பவம்'. அது நாற்பது நிமிடமும் இருந்தது.

தேவா வளைந்து வருவதை மெதுவாக ஓடவிட்டிருந்தார்கள். ஒரு கை காற்றில், முழங்கால் மடங்கி, கண் நேராக நம்மைப் பார்த்து. அவனை யாரும் இவ்வளவு அழகாகக் காட்ட முடியாது. அழகாக இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். முதலில்.

19 ஏப்ரல்

செல்போன் கடைகளில் அந்தக் காட்சியை மட்டும் வெட்டி மெமரி கார்டில் ஏற்றித் தருகிறார்களாம். வானூர் பேருந்தில் தேவா பக்கத்தில் நின்ற பெண் தாலிச் சரடை முந்தானைக்குள் இழுத்து விட்டுக்கொண்டாராம். அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

27 ஏப்ரல்

பள்ளியில் பெற்றோர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள். அது நடிப்பு என்று சேனலிலிருந்து ஒரு கடிதம் வாங்கித்தரச் சொல்கிறான் தேவா.

சக்கரபாணி சாரிடம் கேட்டேன்.

"உண்மைச் சம்பவம்னு போட்டுட்டு, போர்டெல்லாம் நாங்களா சேர்த்ததுன்னு லெட்டர் பேடுல எழுதித் தரவா? வேலை வேணுமா வேணாமாய்யா ஒனக்கு?"

வேணும். சொல்லவில்லை. ஆனால் அவருக்குக் கேட்டிருக்கும்.

11 மே, ஞாயிறு

பள்ளியில் பெற்றோர் கூட்டம். சாட்சி சொல்ல நானும் போனேன். தேவா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். பள்ளிக்கூட பெஞ்சில் முழங்கால் இடித்தது.

தாளாளர் மாசிலாமணி என்னைப் பேசச் சொன்னார். தேவா என் நண்பன், அது வெறும் நடிப்பு, அவன் மேல் எந்த வழக்கும் இல்லை என்றேன்.

ஓர் அம்மா எழுந்தார். "உண்மைச் சம்பவம்னுதானேங்க போட்டிருந்தாங்க. அப்ப அது பொய்யா?"

பொய் என்று ஒரு சொல். இரண்டே எழுத்து. நான் சொல்வதைப் பதிவு செய்ய அங்கே யார் கையில் எல்லாம் போன் இருந்தது என்று பார்த்தேன். அதைத்தான் பார்த்தேன்.

"சித்தரிப்புங்க."

"அப்படின்னா?"

மாசிலாமணி குறுக்கிட்டார். "பலகையில வந்து அறுத்தான்னு சொன்னது யாரு தம்பி? போலீஸா?"

"சேனல்ல அப்படி முடிவு பண்ணாங்க."

தேவா திரும்பி என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும். நானே சொன்னது. எழுந்து என்னைக் காட்டி இவன்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"நெருப்பில்லாமயா டிவிக்காரன் அவ்ளோ தூரம் வந்தான்" என்றார் பின்னாலிருந்து ஒருவர். இந்த வருடம் யோகா வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. கை தட்டினார்கள்.

பேருந்து நிறுத்தத்தில் வெயில். தேவா வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"நாந்தான் எழுதனேன்னு ஒரு வார்த்த சொல்லி இருக்கலாம்ல, அரி."

அவன் பஸ் வந்தது.

12 மே

சொல்லியிருக்கலாம்.

3 ஜூன்

நடந்ததை எல்லாம் எழுதி, என் பெயர் போட்டு, கையெழுத்தும் போட்டு ஒரு கடிதம். பள்ளிவரை போனேன். பிள்ளைகள் மைதானத்தில் வரிசையாகக் கண்மூடி உட்கார்ந்திருந்தார்கள். யோகா. வாசலில் காவலாளி என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

கடிதம் இந்த நோட்டுக்குள் இருக்கிறது. நன்றாக எழுதப்பட்ட கடிதம். இப்போது படித்தாலும் ஒரு சொல்லைக்கூட மாற்றத் தோன்றவில்லை. எதற்கு இதெல்லாம் எனக்கு?

22 ஜூன்

மேஸ்திரி தேவாவை நிறுத்திவிட்டார். ஆட்கள் குடியிருக்கும் வீட்டில் பூச்சு வேலை. "வூட்டுக்காரம்மா பயப்புடுது, நீ கொஞ்ச நாள் கழிச்சி வா" என்றாராம். முனியம்மாள் சொல்லித்தான் தெரியும். என்னோடு அவன் பேசுவதில்லை.

"அந்தப் புள்ள என் கழுத்துல வெரலுகூட படாமதான் இழுத்துச்சி. வர்றவங்ககிட்டல்லாம் சொல்றேன். பூவ வாங்கினு போறாங்க, நம்ப மாட்டேங்கறாங்க" என்றார்.

20 ஜூலை

மனைப்பிரிவுக்குத் தனியாகப் போனேன். எட்டுத் தெருவிலும் மணல் மூடியிருக்கிறது. யாரும் கூட்டவில்லை.

8 ஆகஸ்ட்

தேவா போன் செய்தான். மூன்று மாதம் கழித்து. மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். வெட்டிவிட்டான்.

"அதெல்லாம் வுடு. சக்கரபாணி சார் நம்பர் குடு."

கொடுத்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

16 நவம்பர், ஞாயிறு

விழுப்புரத்தில் படப்பிடிப்பு. வீடு புகுந்து திருடிய வழக்கு. தேவாவுக்கு இது ஐந்தாவது. காலையில் பைக்கில் வந்தான். போர்டைப் பற்றி நான் கேட்கவில்லை. கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதை யாரும் சொல்லாமலே செய்தான். ஒரே டேக்.

"இவன் மூஞ்சியப் பாத்தாலே ஜனங்க நம்பிடுறாங்கய்யா" என்றார் சக்கரபாணி சார். சத்தமாகத்தான் சொன்னார்.

தேவா தலையாட்டிக்கொண்டு என் பக்கம் வந்தான். டீயை வாங்கிக்கொண்டான். அடுத்த வாரம் வேலை இருக்கிறதா என்று கேட்டான்.

இரண்டு இருக்கிறது என்றேன். ஒன்று வழிப்பறி. இன்னொன்றை நான் இன்னும் எழுதவில்லை.