வானத்தைப் பார்க்கும் பாம்பு

அன்புள்ள குட்ரூனுக்கு,

உன் தம்பி ஐனார் நம் பாம்பைக் கெடுத்துவிட்டான். அதைச் சொல்லிவிட்டுத்தான் உன் முழங்கால் வலியை விசாரிக்கிறேன். இங்கே சுரங்க முகாமின் சமையலறையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. சூப் அண்டா கவிழ்ந்து பாதம் சற்று வெந்தது, அவ்வளவுதான். கம்பளிக் காலுறை இருந்தால் அனுப்பு.

குளிருக்கு நிலவறையில் ஒதுங்கிய, ஆளுக்குத் தீங்கு செய்யாத கார்ட்டர் பாம்பை நீ துணைக்கு வைத்துக்கொண்டாய், சரி. அதற்கு என்ன தீனி என்று ஐனாரையா கேட்பது? அவன் ஏரிப் பனியைத் துளைத்துத் தூண்டில் போடுகிறவன். உறைந்த இரைமீன் வாளியைத் தூக்கித் தந்துவிட்டான். போனில் கண்டித்தேன்.

"விடுங்க மச்சான், பாம்பு இப்பல்லாம் தலையத் தூக்கி வானத்தையே பாக்குது. உங்களவிட அதுக்கு பக்தி ஜாஸ்தி!" என்று சிரித்தான்.

அது பக்தி இல்லை. புத்தகம் தேடிப் படித்தேன். அந்தச் சின்ன மீன்களையே தின்றால் உடம்பில் பி-1 சத்து அழியும். முதலில் தலை மேலே திரும்பும். பிறகு உடல் முறுக்கும். பிறகு வலிப்பு.

புயலில் போன் செத்துவிட்டது; இந்தக் கடிதத்தை வாங்கிக்கொள்ள, விமானத்தில் ஊருக்கு வருகிறவன் காத்திருக்கிறான். வாளியை ஐனார் எடுத்துப் போகட்டும். பாம்பைக் கால்நடை மருத்துவரிடம் இன்றே அவன் வண்டியில் கொண்டுபோய் அந்தச் சத்தை ஊசியாகப் போடச் சொல். தான் தின்ன வைத்திருக்கும் நல்ல ஏரிமீனான பிக்கரலை அவனே நறுக்கித் தரட்டும். உரக்குழிச் சிவப்புப் புழுவை நீ போடாதே, அதுவும் நஞ்சு. காலம் கடந்திருந்தால் அதைப் புதைக்கும் குழியையும் ஐனாரே தோண்டட்டும். மண் கல்லாக உறைந்திருக்கும். நீ உதவாதே.

ஸ்டெபான்