பெருவிரலுக்கு விழுந்த பாரை

குருநகர்,
தபசு காலம், செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் றொசாந்திக்கு, அம்மா பெர்னடெட் எழுதிக்கொள்வது. யாகப்பர் கோயில் மணி அடித்து ஓய்ந்துவிட்டது, அடுப்பில் சோறு கொதிக்கிறது, நான் மேசையில் இருக்கிறேன். இங்கே எல்லோரும் உயிரும் உடலுமாக இருக்கிறோம். நீயும் மருமகனும் சின்னவளும் அங்கே அந்தக் குளிரில் அப்படியே இருக்க வேண்டும் என்று செபமாலையில் உங்களுக்கென்று ஒரு மணியைக் கூடுதலாகவே உருட்டுகிறேன். போனில் கதைக்காமல் ஏன் இந்தக் கடதாசி என்று நீ யோசிப்பாய். எங்கள் வீட்டுச் சுவர் உனக்குத் தெரியும்தானே, இந்த அறையில் தும்மினால் அந்த அறையில் இருப்பவர் யேசுவே என்பார். அப்பா பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறார், நான் சொல்லப்போவது அவர் காதில் விழக்கூடாது. போனில் எழுத்துத் தட்டுவதும் எனக்குச் சரிவராது, ஒரு எழுத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் மற்ற எழுத்து எங்கேயோ போய் ஒளிந்துகொள்கிறது. ஜெரிசனின் தாய் நாளைக்குப் பிரான்சுக்குத் திரும்புகிறார், உனக்கு வறுத்து இடித்த மிளகாய்த்தூள் கொடுத்துவிடுகிறேன், அதோடு இதுவும் வரும்.

அப்பாவின் கால் புண் ஆறிவிட்டது. விரல் எடுத்த இடத்தில் தோல் மூடிவிட்டது, ஆனால் மணலில் கன நேரம் நிற்க அவரால் ஏலாது. தம்பி றஞ்சித் வழக்கம்போலத் தொழிலுக்குப் போகிறான், காற்று மாறியதால் இந்த வாரம் பிடிபாடு நல்லது. நான் எழுத வந்தது நீ தொடக்கிவைத்த மீன் வியாபாரத்தைப் பற்றி. உயிர்த்த ஞாயிறோடு அந்த வட்ஸ்அப் குழுவை மூடிவிடப் போவதாகச் சொன்னாய் அல்லவா, அதைப் பற்றித்தான்.

போன வருடம் அப்பா கரைக்குப் போக முடியாமல் கதிரையில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நீதான் இந்த யோசனையைச் சொன்னாய். உதுக்குப் படிப்பொண்டும் தேவையில்லை அம்மா, ஒரு போனும் நல்ல மீனும் இருந்தால் காணும் என்றாய். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வீட்டு லைற்றையே தடியால் தட்டி நிறுத்துகிற மனுசன் இணையத்தில் கடை போடுவாரா என்று கேட்டேன். நீ அங்கிருந்தே குழுவைத் தொடங்கினாய், நல்லூர், கொக்குவில், புத்தூர் என்று தெரிந்த எல்லோரையும் சேர்த்தாய், வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரரையும் பழைய அயலட்டையையும்கூட விட்டுவைக்கவில்லை. முகப்புக்கு எங்கிருந்தோ ஒரு படம் எடுத்துப் போட்டாய், ஐஸ்கட்டியின்மேல் ஒரு சிவந்த மீன், பக்கத்தில் தேசிக்காய்த் துண்டு. அதைப் பார்த்து நாலு பேர் அது என்ன மீன், இண்டைக்கு வருமோ என்று கேட்டார்கள். அப்பா கண்ணாடி போட்டுப் பார்த்துவிட்டு, உது எங்கடை கடலிலை பிறந்ததில்லை, விசா எடுத்துத்தான் வரவேணும் என்றார். அப்பா எடுத்த படங்களோ அதைவிட மோசம், பாதிப் படத்தில் மீன், மீதியில் அவர் கட்டியிருந்த சாரம். ஆனாலும் உன் அத்தை மகன் டினேஸ் மீனை ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டியில் அடுக்கி ஓட்டோவில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க, மெல்ல மெல்ல ஒரு வியாபாரம் என்று ஆகிவிட்டது.

விலையை எழுதிப் போடச் சொன்னாய், அதுதான் அப்பாவுக்கு ஒத்துவரவில்லை. விலை எண்டு ஒண்டு முன்கூட்டி இல்லை, கூறின பிறகுதான் விலை என்று பிடிவாதம் பிடித்தார். ஒரு நாள் தானாகவே போனை வாய்க்குக் கிட்டப் பிடித்துக் கரையில் கூறுவதுபோலக் கூறத் தொடங்கிவிட்டார். நல்லூர்ச் சனத்துக்குக் கூறுவது என்றால் என்னவென்று விளங்கவில்லை, ஏலம்தான் என்று டினேஸ் சொல்ல விளங்கிக்கொண்டார்கள். நான் குசினியில் ஓரா மீன் வெட்டிக்கொண்டிருந்தேன், கத்தியை வைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன் பிள்ளை. எத்தனை வருடம் அந்தச் சத்தத்தில் நாங்கள் எழும்பியிருக்கிறோம். உனக்கு நினைவிருக்குமோ தெரியாது, நீ சின்னதில் கவிழ்த்துவைத்த வள்ளத்தின்மேல் ஏறி இருந்து அப்பா கூறுவதையே பார்த்துக்கொண்டிருப்பாய். வீட்டுக்கு வந்தால் தம்பியை மேசையில் ஏற்றிவிட்டு, பால்குடி மறந்த பொடியன், பல்லெல்லாம் புதுசு, ஆர் கேக்கிறியள் என்று அவனையே கூறுவாய். அவன் அழுவான், நீ விலையைக் குறைப்பாய். அப்பா வாசலில் நின்று சிரித்துச் சிரித்துக் கண் கலங்கிவிடுவார்.

கரையில் வியாபாரிமார் வாயைத் திறந்து கேட்கமாட்டார்கள், அதுவும் உனக்குத் தெரியும். ஒருவர் விரலைத் தூக்குவார், ஒருவர் தலையை அசைப்பார், அப்பாவின் கண் அதைப் பிடித்துவிடும். விரல் தூக்கினால் தூக்கினதுதான், பிறகு இல்லை என்று சொன்னவனுக்குக் கரையில் மரியாதை இல்லை. போனில் மீன் படத்தின்கீழே அந்த மஞ்சள் பெருவிரல் வந்து விழுந்ததும் அப்பா அதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அதனால்தான் அந்த வெள்ளிக்கிழமைக் கூத்து நடந்தது. தபசு கால வெள்ளி, இறைச்சி தொடக்கூடாது, அதனால் நம்முடைய சனத்துக்கு மீன் இல்லாமல் ஆகாத நாள், தம்பியும் நல்ல பாரை ஒன்றோடு வந்தான். அப்பா உற்சாகமாகக் கூறினார். புத்தூர் மார்க்கண்டு வாத்தியார் பெருவிரலைப் போட்டார், அதற்குமேல் ஒருவரும் கேட்கவில்லை. ஒருதரம், ரெண்டுதரம் சொல்லி, மார்க்கண்டருக்கு விழுந்தது என்று முடித்துவிட்டார் அப்பா. டினேசும் யோசிக்காமல் பாரையைக் கொண்டுபோய் அவர்கள் வீட்டுப் படலையில் இறக்கியிருக்கிறான். வாத்தியாரின் மனிசி பூரணம் அக்கா தோய்ந்த தலையோடு, நெற்றியில் திருநீறு, கையில் அர்ச்சனைத் தட்டு, அப்போதுதான் கோயிலால் வந்து இறங்குகிறா. தம்பி, இண்டைக்கு வெள்ளியெல்லே, உதை ஆர் கேட்டது என்று அவ பதற, வாத்தியார் வெளியே வந்து, ஐயோ, மீன் வடிவாயிருக்கெண்டுதான் விரலைப் போட்டனான் என்று தலையில் கைவைத்தாராம். நமக்கு மீன் நாள், அவர்களுக்கு மரக்கறி நாள், இத்தனை வருடம் பழகியும் அது ஒருவருக்கும் மண்டையில் ஏறவில்லை. அவர்கள் கோபிக்கவில்லை, டினேசுக்குத் தேத்தண்ணி கொடுத்துத்தான் அனுப்பினார்கள். ஆனால் பக்கத்து வீட்டில் யாரோ பாரையும் அர்ச்சனைத் தட்டும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து, அது அன்று பின்னேரமே உன்னிடம் பிரான்சுக்கு வந்துவிட்டது.

நீ எடுத்துக் கதைத்ததில் பிழை சொல்லவில்லை. அப்பா, சனம் சிரிக்குது, இனிக் கூறாதேங்கோ, உயிர்த்த ஞாயிறுவரை விலையை எழுதிப் போட்டால் காணும், பிறகு குழுவை மூடுவம் என்றாய். உன்னுடன் வேலைசெய்கிறவர்களும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள், உனக்கு வெட்கமாக இருந்திருக்கும். அப்பா ஓம் பிள்ளை, ஓம் பிள்ளை என்று மட்டும் சொன்னார். போனை அலுமாரிக்குமேல் வைத்தார், அவ்வளவுதான். இப்போது டினேஸ் விலை எழுதிப் போடுகிறான், வாங்குகிறவர்கள் வாங்குகிறார்கள், வியாபாரம் படுத்துவிடவில்லை, அதை நான் மறைக்கக் கூடாது. படுத்தது உன் அப்பாதான். சாப்பாட்டுக்கு வா என்றால் வருகிறார், மருந்தைக் கொடுத்தால் விழுங்குகிறார், மற்ற நேரமெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். தபசு காலம் பிறந்தால் வியாகுலப் பிரசங்கத்துக்கு அயலையே கூட்டிக்கொண்டு போய்ப் பாடுகிற மனுசன், இந்த முறை தொண்டை சரியில்லை என்றுவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது றொசாந்தி. கால் விரல் போனபோதுகூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை.

தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தோமே, அது அடிக்கடி நினைவுக்கு வருகிறது. விடாத மழை, ஒரே வகுப்பறைக்குள் எத்தனையோ குடும்பம், குழந்தைகளெல்லாம் அழுகை. அந்த ஊர்த் தோட்டக்காரர் ஒருவர் ஒரு பூசணிக்காய் கொண்டுவந்து தந்தார். அப்பா அதைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு, கூற மீன் இல்லாவிட்டால் என்ன, இதைக் கூறுவம், பிள்ளையள் கேளுங்கோ என்று தொடங்கினார். காசுக்கு எங்கே போவது, பிள்ளைகள் வீட்டில் விட்டுவந்ததையெல்லாம் வைத்துக் கேட்டார்கள். ஒருவன் சைக்கிள் தருகிறேன் என்றான், ஒருத்தி முற்றத்து யம்பு மரத்தைத் தருகிறேன் என்றாள். நீ என் மடியிலிருந்து எழும்பி, எங்கடை கடலைத் தாறன் என்றாய். அப்பா தோளில் இருந்ததை இறக்கினார். பிறகு, கடலுக்கு விழுந்தது என்று பூசணிக்காயை உன் கையில் தந்தார், உன்னால் தூக்க முடியவில்லை. வந்த நாளில் இருந்து வாய் திறக்காத பெண்டுகள்கூட அன்று சிரித்தார்கள். அந்தச் சத்தம்தான் எங்களை அந்த மழைக்குள்ளால் இழுத்துக்கொண்டு வந்தது என்று நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

இனி நான் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன். அலுமாரிக்குமேல் இருந்த போனை நான் எடுத்துத் துடைத்தபோது அது கைபட்டு ஏதோ கதைக்கத் தொடங்கியது. டென்மார்க்கில் இருந்து ஒரு பிள்ளை, தக்சாயினி, முந்தி நமக்குப் பின்வளவில் இருந்தவர்களின் மகள். அங்கிள், ஏன் இப்ப கூறுறேல்லை, நான் மீன் வாங்க ஏலாதெண்டு தெரியும், ஆனா உங்கடை சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் விடியத் தேத்தண்ணி குடிக்கிறனான் என்றது அது. அதற்குக் கீழே இன்னும் இரண்டு மூன்று பேர், மார்க்கண்டு வாத்தியாரும் ஒருவர், வெள்ளியிலை என்னை விட்டிட்டு மற்ற நாளிலை கூறட்டாம் என்று சிரித்துக்கொண்டு. நான் அதையெல்லாம் அப்பாவுக்குக் கேட்கிறமாதிரிச் சத்தமாகப் போட்டேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பியபடியே, பிள்ளை வேண்டாமெண்டவள், விடும் என்றார். டென்மார்க்கும் புத்தூரும் கேட்டு என்ன, அவருக்குப் பிரான்ஸ் கேட்கவேண்டும்.

நேற்று எனக்கு ஒரு துணிச்சல் வந்தது. றஞ்சித் கொண்டுவந்த மீனை முற்றத்தில் வைத்து, போனைப் பிடித்துக்கொண்டு நானே கூறிப் பார்த்தேன். என் குரல் உனக்குத் தெரியும், கோழி கலைக்கத்தான் உதவும். எடுத்த எடுப்பில் பெரிய விலையைச் சொல்லிவிட்டேன்போல. உள்ளேயிருந்து, உச்சியிலை துவங்கினா ஆர் கேப்பினம், கீழையிருந்து வாரும் என்று ஒரு சத்தம். நான் திரும்பிப் பார்க்க மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார். ஆனால் அந்த ஒரு சொல் போதும் எனக்கு, மனுசன் உள்ளே முழித்துக்கொண்டுதான் இருக்கிறார். நானும் டினேசும் யோசித்து ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். விரல் கணக்கில்லை, வேண்டுமென்றால் தன் வாயால் எனக்கு என்று சொல்லி அனுப்பவேண்டும், வெள்ளிக்கிழமை நம்முடைய ஆட்களுக்கு மட்டும். இதற்குப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை என்று நீ சொன்னது சரிதான்.

ஒன்றை மட்டும் அப்பா உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னைத் தடுத்துவைத்திருந்தார், இப்போது சொல்லாவிட்டால் பிறகு எப்போது. அவர் முதல்முதல் போனில் கூறிய நாள் ஒரு கோர்வை ஒட்டி மீன். அதற்கு ஒருவரும் கேட்கவில்லை. அப்போது ஒரு பெருவிரல் வந்தது, குழுவில் வந்த முதல் விரல். ஆர் விரல் தூக்கினது என்று அப்பா கேட்க, டினேஸ் பார்த்துவிட்டு, றொசாந்தி மச்சாள் என்றான். நீ வேலைக்குப் போகிற ரயிலில் இருந்து அமத்தியிருப்பாய், அமத்தியதை மறந்தும் இருப்பாய். எங்களுக்குச் சிரிப்பு, அப்பா சிரிக்கவில்லை. விரல் தூக்கினால் தூக்கினதுதான், பிள்ளைக்கு விழுந்தது என்றார். பிறகு அதைக் கேட்டு வந்தவர்களுக்கும் கொடுக்கவில்லை. நான் உனக்குப் பிடித்தமாதிரித் தேங்காய்ப்பால் விட்டுச் சமைத்தேன், உன் பங்கை ஒரு கோப்பையில் எடுத்து மூடிவைத்துவிட்டு, பின்னேரம்வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துதான் அவர் சாப்பிட்டார். பெருவிரல் என்றால் விலை கேட்பது என்று அவருக்குப் படிப்பித்தது நீதான் மகள்.

அங்கே குளிர் விடவில்லை என்று ஜெரிசனின் தாய் சொன்னார், சின்னவளுக்குக் காதை மூடிக் கட்டிவிடு. நீ விடியச் சாப்பிடாமல் ஓடாதே. பெரிய வெள்ளிக்கு லீவு கிடைக்காவிட்டாலும் அன்று ஒரு நேரமாவது கோயிலில் முழந்தாளிட்டுவிட்டு வா. மிளகாய்த்தூளை ஈரக் கரண்டியால் அள்ளாதே, பூஞ்சணம் பிடித்துவிடும். மாதா உங்கள் மூவரையும் தன் முந்தானைக்குள் வைத்திருக்கட்டும்.

இது கிடைத்ததும் அப்பாவுக்கு அழைப்பு எடுத்து மன்னிப்பு ஒன்றும் கேட்காதே, அவர் வெட்கப்பட்டு ஓம் பிள்ளை என்றுவிட்டு வைத்துவிடுவார். அலுமாரிக்குமேல் இருந்த போனை நான் இப்போது அவர் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்திருக்கிறேன். உன் வாயால், எல்லோரும் கேட்கிறமாதிரிக் குழுவில் ஒரு சொல் அனுப்பு: அப்பா, இண்டைக்கு ஒட்டி எப்பிடிப் போகுது என்று.

சட்டியைக் கழுவிவைத்துக்கொண்டு இருக்கும்,
உன் அம்மா
அ. பெர்னடெட்