உலக்கையை நிறுத்திக் காட்டிய அக்காவுக்கு

என் அருமை மல்லிகா அக்கா,

நாளைக் காலையில் கிரகணம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நீ போய் ஒரு வருடம் ஆகிறது. இன்றைக்குத்தான் உன்னை நிஜமாகவே தேடுகிறேன்.

என் மகள் செல்வி ஆறு மாதக் கர்ப்பம். வெளியே நின்று பார்க்கவேண்டும் என்கிறாள். ஜன்னலைக்கூடத் திறக்கக்கூடாது என்று கடலூரிலிருந்து அவள் மாமியார் சொல்லி அனுப்பியிருக்கிறார். இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன்.

"பெரிம்மா இருந்திருந்தா விட்டிருப்பாங்க" என்றாள் செல்வி. அதோடு என்னிடம் பேச்சில்லை.

எண்பதில் வந்த கிரகணம் நினைவிருக்கிறதா? மலைமேல் நீ வேலை பார்த்த வானாய்வுக்கூடத்தின் தொலைநோக்கியை விட்டுவிட்டு நம் முதலியார்பேட்டைக்கு வந்தாய். சூரியனைப் பற்றி ரேடியோவில் பேசுகிறவள் சொந்தத் தெருவில் பேசாவிட்டால் எப்படி என்றாய். கிரகணத்தன்று மட்டும்தான் தாம்பாளத் தண்ணீரில் உலக்கை நிற்கும் என்று தெருவே நம்பியது. நீ முந்தின நாளே நடுத்தெருவில் நிறுத்திக் காட்டினாய். அடி தட்டையாக இருந்தால் என்றைக்கும் நிற்கும் என்றாய். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து வந்த சொல்தா மாமா, "என்னா பாப்பா, கிரகணம் உனக்கு மட்டும் ஒருநாள் முன்னாடியே வந்துடுச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

எதிர்வீட்டு சரோஜா சிரிக்கவில்லை. அவளுக்கு நிறைமாதம். "உன் தங்கச்சி மாசமா இருந்தா வெளிய நிக்க விடுவியாக்கா?" என்று கேட்டாள். வானத்தைப் பற்றி எது கேட்டாலும் உடனே பதில் சொல்கிற நீ, உலக்கையைத் திண்ணையில் சாய்த்துவிட்டு வந்துதான் சொன்னாய்.

"விடுவேன். தனியா விடமாட்டேன். நானும் கூட நிப்பேன்."

மறுநாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஊசித்துளை போட்ட அட்டை வழியாகத் தரையில் விழுந்த சூரியப் பிறையைக் காட்டினாய். அவள் பையனுக்கு இப்போது பதினைந்து வயது; கிரிக்கெட் ஆடி நம் ஜன்னலை உடைக்கிறான்.

இத்தனையும் கண்ணால் பார்த்தவள், பி.எஸ்சி. படித்தவள், எனக்கு ஏன் இந்தப் பயம் போகவில்லை? அன்றைக்கு உனக்கும் உள்ளுக்குள் இருந்ததா அக்கா? உலக்கையைச் சாய்த்த அந்தக் கொஞ்சநேரத்தில் நீ என்ன நினைத்தாய்?

மத்தியானம் கொல்லையில் உலக்கையை நிறுத்திப் பார்த்தேன். விழுந்துகொண்டே இருந்தது. சத்தம் கேட்டு வந்த செல்வி மறுபக்கம் பிடித்தாள். இருவரும் மெல்லக் கையை எடுத்தோம். நின்றது.

அட்டையில் துளை போட்டு வைத்துவிட்டேன். சம்பந்தியம்மா கேட்டால், நான்தான் கூட்டிக்கொண்டு போனேன் என்று சொல்லிக்கொள்கிறேன். பயம் போகவில்லை. ஆனால் நாளைக்கு அவள் தனியாக நிற்கமாட்டாள் அக்கா. நானும் கூட நிற்பேன்.

உன் கையைப் பிடித்தே வளர்ந்த தங்கை,
செண்பகம்