தோணி மெல்ல வரட்டும்

1974 மே 4, சனி

காலையிலேயே வெயில் சுள்ளென்று. கருவாடு காயப் போட்டாயிற்று. காக்கையோடு சண்டை. மாமியாருக்கு முட்டி வலி, தைலம் தேய்த்தேன்.

அவர் போய் ஒரு வாரம். கொழும்புக்கு வெங்காயம். தோணிக்கு அவர்தான் தண்டல். அவர் சொன்னால்தான் பாய் ஏறும், இறங்கும். வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான். இந்த நடைதான் கடைசி. இனி கச்சான் காற்று பலத்துவிடும், ஆகஸ்ட் வரை தோணி கரையில். அவரும் வீட்டோடு.

ஆண்பிள்ளை கடலில் இருந்தால் எங்கள் தெருவில் பெண்கள் கோயிலைத் தவிர வேறெங்கும் போகக் கூடாது. யார் போட்ட சட்டமோ. ஆனால் மே மாதம் மாதா வணக்க மாதம், தினமும் சாயங்காலம் செபமாலை உண்டு. மாமியால் நடக்க முடியாது. ஆகவே நான் மட்டும். கோயில் கூப்பிடு தூரம். திரும்பி வரத்தான் எனக்கு நேரமாகிறது.

இன்று: செபமாலை. முந்திரி மக்ரூன், கடை வாசலில் நின்று நானே கை காட்டி எடுத்தது. நுங்கு இரண்டு. கடற்கரையில் கொஞ்ச நேரம், சும்மா. முக்காடு எடுக்கவில்லை, அந்த அளவில் நல்ல பிள்ளை.

மே 7, செவ்வாய்

அவர் கெட்டவர் இல்லை. இதை எழுதியே ஆக வேண்டும். குடி இல்லை, கை நீட்டினதில்லை. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார், அதுதான் சங்கடம். மக்ரூன் பொட்டலமாக வரும். சேலை வரும். நுங்குகூடத் தோண்டி எடுத்துக் கிண்ணத்தில் வரும். “நீ எதுக்குளா வெயில்ல அலையணும்? நான் இருக்கம்லா.” கல்யாணமாகி ஆறு வருஷம், ஒரு சேலையின் நிறத்தை நான் பார்த்து எடுத்ததில்லை. இதைக் குறை என்று யாரிடம் போய்ச் சொல்ல? சிரிப்பார்கள். இல்லாவிட்டால் அடிப்பார்கள்.

எதிர்வீட்டுப் பிலோமி அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அவள் புருஷன் மிக்கேல் அண்ணனுக்கு அதே தோணியில் சமையல் வேலை. “ஒன்னயப் பாத்தாலே பாவமா இருக்கு ரீத்தா. புருஷன் நெனப்புலயே கோயில்ல கெடக்க.” தலையைக் குனிந்துகொண்டேன். உதட்டில் மக்ரூன் தூள் இருந்தது.

மே 11, சனி

ரயில் ஸ்டிரைக். ஸ்டேஷனில் உப்பு மூட்டை அப்படியே கிடக்கிறதாம். பால்காரர் சொன்னது.

பொருட்காட்சிக்குப் போய்விட்டேன்! செபமாலை முடிந்து கால் தானாகத் திரும்பியது என்று எழுதலாம். பொய். நேற்றே முடிவு செய்து நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன். பார்த்தவை: டெல்லி அப்பளம் (முறம் அகலம், தின்றேன்), மரணக் கிணற்றில் மோட்டார் சைக்கிள், கண்ணாடி வளையல் கடை, வளையல் கடைக்காரரின் மீசை. கடைசியாக ராட்டினம். பக்கத்தில் ஏரல் ஊர்க்காரி ஒருத்தி. மேலே போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏளா, எறக்கிவிடச் சொல்லுளா! எனக்கு மூணு பிள்ளையளு இருக்கு!” சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. உச்சியில் துறைமுக விளக்கு முழுக்கத் தெரிந்தது. கடலும். அவர் நினைப்பு வரவில்லை. இறங்கின பிறகுதான் வரவில்லை என்பதே தெரிந்தது.

வழியில் மறுபடி கோயில். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். முழங்காலில் நின்று கேட்டதோ வேறு. அம்மா, தோணி மெல்ல வரட்டும். பொருட்காட்சி முடிகிற வரைக்குமாவது.

மே 14, செவ்வாய்

காற்று திரும்பிவிட்டது. கச்சான், இவ்வளவு சீக்கிரம். தெரு முழுக்க மண். துணி காயப் போட்டால் பறக்கிறது. குசினியில் அடுப்பு நிற்கவில்லை, சோறு குழைந்துபோயிற்று. மாமி பாதியில் எழுந்து, வாசலில் போய்க் கடல் பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். அவள் அப்படிப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

காற்றுதானே. வருஷா வருஷம் அடிப்பதுதானே. நான் கேட்டதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

மே 16, வியாழன்

ஒரு தோணி வந்துவிட்டது. அவருடையது இல்லை. அந்தத் தண்டல் வீட்டுக்கே வந்து மாமியிடம் சொன்னார். “கொழும்புல ஒண்ணாத்தான் பொறப்பட்டோம். ரெண்டாம் நாள் கச்சான் புடிச்சிச்சு. அதுக்கப்பறம் அண்ணாச்சி தோணி வெளக்கக் காணல.” காப்பி கொடுத்தேன். சர்க்கரை போட மறந்தேன். அவரும் கேட்காமல் குடித்தார்.

பிலோமி அக்கா ஓடி வந்தாள், இடுப்பில் கைக்குழந்தையோடு. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தோணியில் அவர் மட்டும் இல்லை. மிக்கேல் அண்ணன் இருக்கிறார், இன்னும் ஐந்தாறு பேர். மாதாவிடம் கேட்கும்போது அது என் புத்தியில் உறைக்கவேயில்லை. ராட்டினத்தில் உட்கார்ந்த மாதிரி கேட்டுவிட்டேன்.

மே 18, சனி

தெருவில் ஒரு வீட்டிலும் மீன் வாசனை இல்லை. மாமி ஒருசந்தி, ஒரே வேளைக் கஞ்சி. நானும்.

கோயிலுக்கு இன்று நான் தனியாகப் போகவில்லை. தெருப் பெண்கள் எல்லாரும், என்னை முன்னால் விட்டு. “நீ கேளு ரீத்தா. மாசம் பூரா நடந்தவ நீதான். நீ கேட்டா மாதா தட்ட மாட்டா.” பிலோமி அக்கா என் கையைப் பிடித்துத் தன் குழந்தை தலையில் வைத்தாள். அழுதேன். என் அழுகையைப் பார்த்து எல்லாரும் அழுதார்கள்.

கேட்டதை எப்படித் திரும்ப வாங்குவது? கடையில் என்றால் வேண்டாம் என்று கொடுத்துவிட்டு வரலாம். கொண்டுவந்து விடு, கொண்டுவந்து விடு, அதையேதான் சொன்னேன். மனசாரத்தான். சத்தியமாக மனசாரத்தான்.

பொருட்காட்சி முடிந்து தட்டிகளைப் பிரிக்கிறார்கள். வரும் வழியில் பார்த்தேன்.

மே 20, திங்கள்

இருக்கிறார்கள்! கீழக்கரைப் பக்கம் தீவு மறைவில் ஒதுங்கியிருக்கிறார்களாம். லாரிக்காரர் ஒருவர் சேதி கொண்டுவந்தார். பாய் கிழிந்துவிட்டது. ஆளுக்குச் சேதமில்லை. அவருக்குக் காய்ச்சல். காற்று தணிந்ததும் வந்துவிடுவார்கள்.

மாமி என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். ஆறு வருஷத்தில் முதல் தடவை. வாங்கிக்கொண்டு நின்றேன், திருடி மாதிரி. பிலோமி அக்கா வாசல் நடுவில் உட்கார்ந்துவிட்டாள், எழுப்ப முடியவில்லை. சிரிக்கிறாள், அழுகிறாள், குழந்தைக்குப் பால் கொடுக்கிறாள், எல்லாம் ஒரே நேரத்தில். எனக்கும் சந்தோஷம்தான். இதில் பொய் இல்லை.

மே 23, வியாழன்

வந்துவிட்டார். பாதி ஆளாக. இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை, கயிறு அறுத்திருக்கிறது. மூன்று நாள் சுக்கான் கயிற்றை விடவில்லையாம், மிக்கேல் அண்ணன் சொன்னார். சோற்றைப் பிசைந்து நானே ஊட்டினேன். வெட்கப்பட்டார். எனக்கும் வெட்கம், வேறு காரணத்துக்கு.

தெரு முழுக்க வந்து அவரிடம் என் புகழ். நான் குசினியில் ஒளிந்துகொண்டேன். அப்புறம் அவர் கூப்பிட்டார். “தெனமும் போனியாம்ல. அந்த வெயில்ல. எனக்காக.”

ஏதோ பாத்திரத்தைத் துலக்கினேன். ஏற்கெனவே துலக்கினது.

“நான் ஒன்னய இம்புட்டு நாளும் தனியா நடக்க விட்டுட்டேன் ரீத்தா. இனி ஆகஸ்ட் வரைக்கும் கரையிலதான இருக்கேன். தெனமும் நானும் கூட வாரேன்.”

மே 24, வெள்ளி

வெயில் குறையவில்லை. சாயங்காலம் நாலரைக்கே வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் நின்றார். பொத்தானை நான்தான் மாட்டிவிட்டேன். கையில் கட்டோடு எனக்குக் குடை பிடித்தார். தெரு பார்த்தது. மக்ரூன் கடைக்காரர் எனக்குத் தலையசைத்தார், பார்க்காத மாதிரி நடந்தேன்.

கோயிலில் பக்கத்தில் முழங்காலிட்டார். காதில் மெதுவாக, “ஏதாவது கேளு. நீ கேட்டா குடுப்பா.”

கண்ணை மூடினேன். நன்றி சொல்லத்தான் மூடினேன். மனசு தன்பாட்டுக்கு எண்ண ஆரம்பித்தது. ஜூன். ஜூலை. ஆகஸ்ட்.

பயந்துபோய்க் கண்ணைத் திறந்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார். உதடு அசைந்தது. என் பெயரைத்தான் மாதாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.