திறக்காத பை

என் வாயாடிக்கு,

நீ சனிக்கிழமை வருவதற்குள் இதைச் சொல்லியாக வேண்டும். உன் அறையில் என் மாணவி ஒருத்தி இருக்கிறாள். காப்பகத்தில் வளர்ந்தவள். பதினெட்டு வயது தாண்டியதால் இனி அங்கே இடமில்லை. விடுமுறைக்குக் கல்லூரி விடுதியையும் பூட்டிவிட்டார்கள். அம்மாவுக்கு எப்போதிருந்து இளகிய மனசு என்று சிரிக்காதே. விடுதி திறக்கும்வரைதான்.

உன் அலமாரியில் ஒரு தட்டை ஒழித்துக் கொடுத்தேன். அவள் பையிலிருந்து எதையும் எடுத்து அடுக்கவில்லை. பல் துலக்கியதும் பிரஷ்கூட ஈரத்தோடு பைக்குள் போய்விடுகிறது.

"எடுத்து வையேம்மா, யாரு கேக்கப் போறா?"

"பரவால்ல மேடம். கிளம்புன்னா சட்டுனு கிளம்பணும்ல. பழகிடுச்சு."

அந்தத் தட்டைக் காலியாகவே விட்டு வைத்திருக்கிறேன்.

நீ வருவது தெரிந்ததும் பை வாசல் பக்கம் வந்துவிட்டது. நான் "இரு" என்றால் மரியாதைக்குச் சொல்வதாக நினைக்கிறாள். பை இருக்கிறதா என்று பார்க்கவே நான் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடக்கிறேன்.

வந்ததும் அவளை விழுந்து விழுந்து உபசரிக்காதே. என்னிடம் போடுவதுபோல, குளியலறைக்கு அவளிடமும் சண்டை போடு. விருந்தாளியிடம் யாரும் சண்டை போடுவதில்லை என்பது அவளுக்கும் தெரியும்.

உன்னைக் கேட்காமல் உன் அறையைக் கொடுத்த,
அம்மா